மூன்றாம் ஓலை

ஐசக் சார் குடும்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோயிலில் கைக்குழந்தைகூட அழாது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தச் சின்னக் கோயிலில், வருஷா வருஷம் குடும்ப ஞாயிறு வந்தால் பிரசங்கம் அவருக்குத்தான். கிறிஸ்தவனுடைய வீடுதான் முதல் சபை, தகப்பன்தான் அதற்குப் போதகன் என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பொழிந்து தள்ளுவார். ரிட்டையரான ஹெட்மாஸ்டர், குரலுக்குக் கேட்க வேண்டுமா? பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த முதல் சபையில் விடியுமுன் எழுந்து அவருக்கு வெந்நீர் வைக்கிறவள் யார், கஞ்சியைக் கட்டியில்லாமல் துணியில் வடிகட்டித் தருகிறவள் யார் என்று எவரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அவள் மூத்த மகள் ஹில்டா. அம்மா செத்தபோது டீச்சர் டிரெயினிங் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. "கொஞ்ச நாள் வீட்டைப் பாத்துக்கோம்மா" என்றார் அப்பா. அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருஷமாகி, அவளுக்கு முப்பத்திரண்டு வயதும் ஆகிவிட்டது. தங்கை யூனிஸ் வளர்ந்து, அக்கா விட்ட டிரெயினிங்கில் தானே சேர்ந்தும் விட்டாள். ஐசக் சாருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. தாம்பரம் மார்க்கெட் வரை நடந்தே போய் வருவார். வீட்டுக்குள் வந்தால் மட்டும் தண்ணீர்ச் செம்புகூட அவர் கைக்குத் தானாக வந்தாக வேண்டும்.

அறுபத்தெட்டாம் வருஷம் லாசரஸ் வந்தார். ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க். முதல் மனைவி பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். சபை போதகர் அசரியா ஐயர் ஹில்டாவை அவருக்குக் கேட்டார். கேட்ட இடம்தான் விசேஷம். ஆராதனை முடிந்து பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும்போது கோயில் வாசலில் வைத்துக் கேட்டுவிட்டார். குடும்பத்தைப் பற்றி அவ்வளவு பேசுகிற மனுஷன் பத்துப் பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? "தேவசித்தம்" என்று சிரித்து வைத்தார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் இருந்தால் சபையார் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். முதல் ஓலை, இரண்டாம் ஓலை இரண்டும் ஒழுங்காகப் போயின. ஹில்டா ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு புடவை எடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, மூன்று ஸ்டாப் வரைக்கும் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே வந்தாள், பாவம்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் யூனிஸ் கஞ்சி வைத்தாள். பழகிக்கொள்ளட்டும் என்று அக்காதான் விட்டாள். கட்டி கட்டியாக இருந்த கஞ்சியை ஐசக் சார் ஒரு வாய் வைத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் ஹில்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பிரிவுத் துயரம் என்று நினைத்து, அவளே எழுந்து அதை வடிகட்டிக் கொண்டுவந்தாள்.

மறுநாள் ஐயர் மூன்றாம் ஓலையை வாசித்து நிமிர்ந்தபோது, முன்வரிசையிலிருந்து ஐசக் சார் எழுந்தார்.

"ஐயரே, மனசாட்சி உறுத்துது. எம் பொண்ணுக்கு வலிப்பு இருக்கு. கர்த்தருடைய சந்நிதியில மறைச்சு ஒரு குடும்பத்த ஆரம்பிச்சு வைக்க என்னால முடியாது."

நாலு வயதில் அம்மை போட்டபோது காய்ச்சல் முற்றி அவளுக்கு ஒருதரம் கைகால் வெட்டி இழுத்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் தலைவலி என்றுகூட அவள் படுத்ததில்லை. படுக்க விட்டால்தானே!

கோயிலே திரும்பி அவளைப் பார்த்தது. ஹில்டா எழுந்திருப்பதற்குள் ஐயர் ஓலையை மடித்து வைத்தார். ஆராதனை முடிந்ததும் நாலு பெரியவர்கள் ஐசக் சார் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சொந்தப் பெண்ணுடைய குறையை யார் இப்படிச் சபையில் சொல்வார்கள், இவரல்லவா உத்தமர் என்று பேச்சு. டாக்டரிடம் காட்டலாமே என்றார் ஐயர். "வராத நேரத்துல டாக்டர் எதப் பாப்பார் ஐயரே?" என்றார் உத்தமர்.

கோயில் மாமரத்தடியில் லாசரஸ் அவளிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒருத்திய மண்ணுல வச்சிட்டேன் ஹில்டா. இன்னொரு தரம் எனக்குத் தெம்பு கிடையாது. ஆனா ஊர் சொல்றது எனக்கு வேணாம். சாயங்காலம் ஐயரையும் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரேன். அப்படி எதுவும் இல்லன்னு உங்க வாயால சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

ஒரு வார்த்தை. அது போதும் என்றார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஹில்டா அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். இல்லை. எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் அப்பாவுக்குச் சாப்பாடு மட்டும் போட்டாள்.

நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். பிரம்பு நாற்காலியில் லாசரஸ் நுனியில் உட்கார்ந்தார். ஹில்டா வாயைத் திறந்தாள்.

"முதல்ல ஜெபம்" என்றார் ஐசக் சார்.

ஜெபம் வேண்டாம் என்று எந்தப் போதகர் சொல்வார்? எல்லோரும் முழங்கால் போட்டார்கள். ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது பேசப் பழகும் முன்பே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்துவிடும் பாடம். அது ஐசக் சாருக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரிடம் சொல்லத் தொடங்கினார்.

"ஆண்டவரே, போன கிறிஸ்மஸுக்கு முந்தி இந்தப் பிள்ள அடுப்பங்கரையில விழுந்து கிடந்தத நீர் பாத்தீர். வாயில நுரை தள்ளினத நீர் அறிவீர். பிப்ரவரி மாசம் கிணத்தடியில..."

மனிதரிடம் சொல்லியிருந்தால் யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். கர்த்தரிடம் சொல்வதை யார் மறுப்பது? "ஆமென், ஆமென்" என்று ஐயர் வேறு நடுநடுவே முனகினார். லாசரஸின் தோள் குலுங்குவதை ஹில்டா கண்ணைத் திறந்து பார்த்தாள். யூனிஸ் தலையைத் தூக்கவே இல்லை.

"இதோட பிள்ள பெத்தா அதுக்கும் வருமே ஆண்டவரே, இந்த மனுஷன் இன்னொரு சவப்பெட்டிக்கு..."

"பொய்!" என்று கத்தினாள் ஹில்டா. "ஆண்டவருகிட்டயே பொய் சொல்றீங்களேப்பா!"

ஒன்பது வருஷக் கோபம், வெளியே வரவும் தெரியவில்லை, உள்ளே நிற்கவும் தெரியவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. பல் கிட்டித்தது. எழுந்திருக்கப் பார்த்தவள், புடவை காலில் சிக்கி, தடுமாறித் தரையில் விழுந்தாள்.

"வந்துடுச்சு!" என்றார் ஐசக் சார். "யூனிஸ், இரும்பு கொண்டா! சாவி, சாவி!"

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம். அதில் வேதக்காரர், மற்றவர் என்ற பேதம் கிடையாது. யூனிஸ் எழுந்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே ஓடிப் போய் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல! விடுங்க! எனக்கு ஒண்ணுமே இல்ல!"

சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லிவிட்டாள். ஐயர் அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார், அப்பா காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதறினாள். உதற உதறப் பிடி இறுகியது. லாசரஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார். கும்பிடுவதற்குக் கையைத் தூக்கி, முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனார். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் ஹில்டாவுக்கு நடுக்கம் நின்றது.

"பாத்தீங்களா, இரும்பு பட்டதும் அடங்கிடுச்சு" என்றார் ஐசக் சார். பிறகு, பாதியில் விட்ட ஜெபத்தை முடிக்க வேண்டுமே என்று மறுபடி முழங்கால் போட்டு, குடும்பத்தைச் சிதறாமல் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லி ஆமென் போட்டார். ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

அப்பா அவரை வழியனுப்பப் போயிருந்தபோது ஹில்டா தரையில் உட்கார்ந்தபடியே தங்கையைக் கேட்டாள்.

"எனக்கு வலிப்பு வந்து நீ எப்போ பாத்தே யூனிஸ்?"

யூனிஸ் தாவணி நுனியைத் திருகினாள். கண்ணில் நீர் முட்டியது. அழுகையோடுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

"அடுத்த வருஷம் எனக்கு டிரெயினிங் முடியுதுக்கா."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐசக் சார் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து, துண்டால் முகத்தை விசிறிக்கொண்டார்.

"ஹில்டா, காபி."

ரேஷன் சர்க்கரையைப் பூட்டித்தான் வைப்பது அந்த வீட்டில் வழக்கம். ஹில்டா எழுந்து சமையலறைக்குப் போனாள். இறுக்கி மூடியிருந்த கையைத் திறந்து, அந்தக் கொத்தில் அலமாரிச் சாவியைத் தேடி எடுத்தாள்.