பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வண்டி

பிரகதீஸ்வரி டீச்சர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடக் கலைமதிக்குப் பிடிக்கவில்லை.

"சாயங்காலம் பிள்ளை வாரப்ப வீட்டுல யாரு இருப்பா?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"நீங்க பால் ஊத்தப் போயிட்டீங்கன்னா?"

"பக்கத்து வீட்டுல இருப்பா."

"ஒங்க செல் நம்பர் இனியாவுக்கு மனப்பாடமாத் தெரியுமா? பஸ்ஸுல தனியாப் போயிருக்காளா? ஊருல யாரையாச்சும் பாத்துப் பயப்படுவாளா?"

கலைமதி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பதில் சொன்னாள். எல்லாவற்றுக்கும் பாதிப் பதில்தான். டீச்சரின் ஸ்கூட்டி தெருமுனை தாண்டும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆண் துணை இல்லாத ஒருத்தியிடம் வந்து, யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போக இவள் யார்?

யார் என்பது ஊருக்கே தெரியும். கரம்பவயல் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு ஆவுடையார்கோவில் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, வழியில் சாத்தனேந்தல் உயர்நிலைப் பள்ளியில் இறங்க வேண்டும். அங்கே ஆறாம் வகுப்பு டீச்சர் பிரகதீஸ்வரி. இந்த வருஷம் கரம்பவயலில் ஐந்தாவது முடிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர். சித்திரை வெயிலில் சனிக்கிழமை தவறாமல் வந்து, அந்த ஐந்து பேரையும் உட்கார வைத்துப் பெரிய பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். வீடு வீடாகவும் ஏறி இறங்கினார்.

லீவு நாளில், யாரும் கூப்பிடாமல், சொந்தப் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஒருத்தி ஏன் வருகிறாள்? கலைமதிக்கு அதுதான் உறுத்தியது.

உறுத்தலுக்குப் பெயர் வைத்துக் கொடுத்தவர் நல்லதம்பி. அதே தெருக்காரர். அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறார்.

"வேற எதுக்கு வருது அந்தம்மா? ஆறாவதுல பிள்ளைக கொறைஞ்சா அவுங்க போஸ்ட் போயிரும் தங்கச்சி. சர்ப்ளஸ்னு தூக்கி எங்கிட்டாவது மணமேல்குடிப் பக்கம் போட்டுருவாய்ங்க. அதான் இப்பவே ஆள் புடிக்குது."

"நெசமாவாண்ணே?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? நம்ம வேன்ல ஏத்திவிடு. வாசல்ல ஏத்தி வாசல்ல எறக்கிவிடுறேன். பஸ்ஸு, நெரிசல், எந்தத் தலைவலியும் கெடையாது."

குவைத்திலிருந்து பேசும்போது புருஷன் சரவணக்குமாரும் வேன் பள்ளியைத்தான் சொன்னான். "எதுன்னாலும் யோசிச்சுச் செய் கலை. பொம்பளப் பிள்ளை. அப்பறம் ஒண்ணுன்னா நீதான் பதில் சொல்லணும்."

அந்தக் கடைசி வார்த்தை போனை வைத்த பிறகும் காதிலேயே நின்றது. மூன்று வருஷமாக அவள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாடு நோய்ப்பட்டாலும், மோட்டார் எரிந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும்.

மூன்றாவது சனிக்கிழமை இனியா வகுப்பு முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கொட்டகைப் பக்கம் போனாள். வைக்கோல் எடுக்கப் போன கலைமதி மகளின் குரல் கேட்டு நின்றாள்.

"தள்ளி நில்லுங்க."

பிறகு இன்னும் உரக்க வந்தது.

"தள்ளி நில்லுங்க. எனக்குப் பிடிக்கல. டீச்சர்கிட்ட சொல்லிருவேன்."

கலைமதி வைக்கோலை மறந்தாள். ஓடிப் போய்ப் பார்த்தாள். கொட்டகையில் இனியாவையும் கன்றுக்குட்டியையும் தவிர யாருமில்லை.

"யாருகிட்டடி பேசுற?"

"யாருகிட்டயும் இல்ல."

"யாரு ஒன்கிட்ட வந்தா? எவன் தொட்டான்? சொல்லு."

"ஐயோ, யாரும் தொடலம்மா! டீச்சர்தான் சொல்லிச் சொல்லிப் பழகச் சொன்னாங்க. பஸ்ஸுல யாராச்சும் இடிச்சா இப்படிச் சத்தமாச் சொல்லணுமாம்."

"பத்து வயசுப் பிள்ளைக்கு இதெல்லாமா சொல்லிக்குடுக்குறா? வேற என்ன சொன்னா?"

இனியா வாயை மூடிக்கொண்டாள். அம்மாவின் முகம் அந்த மாதிரி ஆனபிறகு அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். கலைமதிக்கு அந்த மௌனமும் சந்தேகமாகவே பட்டது. இல்லாத ஒன்றுக்கு எந்த டீச்சர் இவ்வளவு பழக்குவாள்? அந்த பஸ்ஸில் ஏதோ நடக்கிறது. தெரிந்துகொண்டேதான் பிள்ளைகளைச் சேர்க்கப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்துப் போய்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டுவதாக டீச்சர் சொல்லியிருந்தார். கலைமதி முதலில் அனுப்ப மாட்டேன் என்றாள். இனியா இரண்டு நாள் அழுதாள். வெள்ளிக்கிழமை ராத்திரி, "சரி, போயிட்டு வா" என்றாள் கலைமதி. சொல்லும்போதே மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது.

காலையில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. காலி கேன்கள் தொங்கிய மொபெட்டைக் கண்மாய்க் கரை வேப்பமரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது. டீச்சர் ஐந்து பேரையும் ஏற்றிவிட்டார். கண்டக்டரிடம் ஏதோ சொன்னார். ஆனால் அவர் ஏறவில்லை. பஸ் கிளம்பியதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக் குறுக்குப் பாதையில் போய்விட்டார்.

கூட்டிக்கொண்டு போகிறேன் என்றவள் பிள்ளைகளைத் தனியாக அனுப்பிவிட்டுப் போகிறாள்! கலைமதி மொபெட்டை உதைத்தாள். கேன்கள் இரண்டும் கடகடவென்று அடித்துக்கொள்ள பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டினாள். பின்பக்கக் கண்ணாடியில் தலைகள் மட்டும் தெரிந்தன. எது இனியாவின் தலை, அவள் பக்கத்தில் நிற்பது யார், ஒன்றும் புலப்படவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிற ஆண்களின் முகத்தை வெறித்துப் பார்த்தாள். ஒருவர் பயந்துபோய் இவளையே திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறினார்.

சாத்தனேந்தலில் பஸ் நின்றது. கூடப் படிக்கும் சந்தோஷ் குதித்தான். அவன் பின்னால் மற்றவர்கள் இறங்கினார்கள். நாலு பேர்.

கலைமதி மறுபடி எண்ணினாள். நாலு பேர்தான். கண்டக்டர் விசில் கொடுக்க, பஸ் நகர்ந்துவிட்டது.

"டேய், இனியா எங்கடா?"

பள்ளிக்கூட வாசலிலிருந்து பிரகதீஸ்வரி டீச்சர் ஓடிவந்தார். குறுக்குப் பாதையில் முன்னாலேயே வந்து காத்திருந்திருக்கிறார். கலைமதியைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை. வாசலில் மாங்காய்க் கீற்று விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம், "சின்னப்பிள்ளை அக்கா, இவுங்க நாலு பேரையும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, பால் கேனை ஒதுக்கி மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க. அடுத்த ஸ்டாப் ரெண்டு கிலோமீட்டர்தான்."

கலைமதி ஓட்டினாள். வாய் நிற்கவில்லை.

"எம் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒங்கள சும்மா விடமாட்டேன். கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத் தனியா அனுப்பியிருக்கீங்க."

"தனியாப் போயிப் பழகட்டும்னு கண்டக்டர்கிட்ட சொல்லித்தான் அனுப்புனேன். ஆனா ஒங்ககிட்டயும் சொல்லியிருக்கணும். அது தப்புத்தான்."

"ஒங்க போஸ்ட்டக் காப்பாத்திக்க எங்க பிள்ளைகதான் கெடைச்சுதா?"

டீச்சர் அடித்துக்கொண்ட கேனை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார் டீச்சர். "பிள்ளைங்க கொறைஞ்சா எனக்கு மாத்தல்தான். எங்க அப்பா படுத்த படுக்கையா இருக்காரு, தூரமாப் போக முடியாது. அதுக்காகவும்தான் வாரேன்."

கலைமதி இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், கோபப்படுவாள், அதற்குச் சுடச்சுடப் பதில் கொடுக்கலாம் என்று வைத்திருந்ததெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது.

டீச்சரே தொடர்ந்தார். "போன வருஷம் ஒரு பொண்ணு ஜூன்ல சேந்துச்சு, ஆகஸ்ட்டோட நின்னுருச்சு. நல்லாப் படிக்கிற பொண்ணு. வீட்டுக்குப் போயி விசாரிச்சா, பஸ்ஸுல பெரிய பசங்க பையப் புடுங்கி வெளையாண்டிருக்காங்க. யாருகிட்ட சொல்றதுன்னு அதுக்குத் தெரியல. பாத்ரூம் எங்கன்னு கேக்கக் கூச்சப்பட்டு நாள் முழுக்க அடக்கிக்கிட்டே இருந்திருக்கு. நான் அதோட வகுப்பு டீச்சர். எனக்கே தெரியல."

அடுத்த ஸ்டாப்பில் ஒரு உரக்கடை. அதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இனியா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கடைக்காரர் சோலையப்பன் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கலைமதியின் இடுப்புச் சுருக்குப் பையில் செல் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவே இல்லை.

"ஒங்க பிள்ளையா? ஸ்டாப்பு தவறிருச்சு, அம்மாவுக்குப் போன் போட்டுக் குடுங்கன்னு வந்து நின்னுச்சு. கண்டக்டரே எங்கிட்ட விட்டுட்டுப் போனாரு. அழுகக்கூட இல்ல" என்றார் அவர்.

கலைமதி ஓடிப்போய் மகளின் கை, கால், முகம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். "யாரும் ஏதாச்சும் செஞ்சாங்களா? ஏன்டி எறங்கல?"

இனியா அம்மாவின் கையை விலக்கினாள். அவள் கண்ணில் பயமில்லை, கோபம்தான் இருந்தது.

"நீ எதுக்கும்மா பின்னாடியே வந்த? கேன் சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா நீ. சந்தோஷு 'ஒங்கம்மா வாராங்க, ஒங்கம்மா வாராங்க'ன்னு பஸ்ஸு பூராக் கத்துறான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சீட்டுக்குக் கீழ குனிஞ்சுக்கிட்டேன். நிமிந்து பாத்தா ஸ்டாப்பு போயிருச்சு. நீ வரலன்னா நான் ஒழுங்கா எறங்கியிருப்பேன்."

சோலையப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். அதற்காகக் கலைமதி அவரை மனசுக்குள் கொஞ்சம் மதித்தாள். கடையில் சோடா வாங்கி மகளுக்குக் கொடுத்தாள். தானும் ஒரு வாய் குடித்தாள்.

மூன்று பேரும் அந்த மொபெட்டிலேயே சாத்தனேந்தலுக்குத் திரும்பினார்கள். டீச்சர் பிள்ளைகளுக்கு வகுப்பறைகளைக் காட்டினார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வாத்தியார் வருவார், மணியடித்தால் ஆள் மாறும் என்றார். சத்துணவுக் கூடம், லைப்ரரி, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் போய்ச் சொல்ல வேண்டிய அறை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனார்.

கலைமதி அவர்களோடு போகவில்லை. தனியாகச் சுற்றினாள். தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். சுவர் எங்கே இடிந்திருக்கிறது, யார் உள்ளே வரலாம் என்று பார்த்தாள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று கதவில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

நேராக ஹெட்மாஸ்டர் கண்ணன் அறைக்குப் போனாள்.

"சார், பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இல்ல. வயசுக்கு வரப்போற பிள்ளைக எப்படிப் போகும்?"

"தெரியும்மா. சொல்லியிருக்கோம். ஸ்கூல் தெறக்குறதுக்குள்ள போட்டுருவோம்."

"யாருகிட்ட சொல்லியிருக்கீங்க? எப்பப் போடுவாங்க? நான் வந்து பாப்பேன்."

வந்தும் பார்த்தாள். மே மாதத்தில் மூன்று தடவை வந்தாள். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை மற்ற நாலு பிள்ளைகளின் அம்மாக்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஹெட்மாஸ்டர் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவது தடவை புதுத் தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது. கலைமதி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, டீச்சரை வெளியே நின்று தள்ளச் சொன்னாள்.

"நல்லாத் தள்ளுங்க டீச்சர்."

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்."

வெளியே வந்து கேட்டாள்: "எங்க பிள்ளைகளச் சேத்துட்டு, அடுத்த வருஷம் நீங்க வேற ஊருக்குப் போயிட்டீங்கன்னா?"

"போனாலும் போவேன். அது என் கையில இல்ல இனியா அம்மா. அப்பவும் நீங்க இப்படியே வந்து கேளுங்க."

அன்று ராத்திரி சரவணக்குமாரிடம் பஸ்ஸில்தான் அனுப்பப் போவதாகச் சொன்னாள். அவன் வேன், வேன் என்றான். "நல்லதம்பி அண்ணனுக்கு வண்டியில ஆள் ஏறணும். டீச்சருக்கு வகுப்புல ஆள் இருக்கணும். ரெண்டு பேரையும் நான் முழுசா நம்பல. எம் பிள்ளை வழி தவறுனப்ப என்ன செஞ்சான்னு கண்ணால பாத்தேன். அத நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள். "சரி, பாத்துக்க" என்றான்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று ஐந்து பேரும் ஒன்றாக பஸ் ஏறினார்கள். மொபெட் வீட்டில் நின்றது. அதை வெளியே எடுக்கக் கூடாது என்று இனியா முந்தின நாளே சத்தியம் வாங்கியிருந்தாள். கலைமதிக்கு அன்று எந்த வேலையும் ஓடவில்லை. கறந்த பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்க விட்டாள்.

சாயங்கால பஸ்ஸுக்கு முன்கூட்டியே போய் நின்றாள். இனியா இறங்கினாள். இறங்கியும் அம்மாவிடம் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணோடு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்த பிறகும் கூடவே நாலு எட்டு நடந்து, கையாட்டிவிட்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது.

கலைமதி பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். போகிற பஸ்ஸையே பார்த்தாள்.

"யாருடி அந்தப் பொண்ணு? எந்த ஊரு? அவுக வீட்டுல என்ன பண்றாக?"

"அம்மா!" என்று கத்தினாள் இனியா. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.