ஐம்பதுக்கு ஒன்று

டக்காரின் சந்தாகா சந்தையில், சுக்கைனா ஜோப்பின் துணிக்கடைக்கு முன்னால் ஞாய் குடும்பத்துக்காரன் ஒருவன் மண்டியிட்டு அழுத கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெட்கமே கிடையாது.

எங்கள் ஊரில் ஜோப் குடும்பத்தாரும் ஞாய் குடும்பத்தாரும் கேலி முறைக்காரர்கள். பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள், சோற்றுக்கு அலைகிற ஜென்மம் என்பார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஞாய் சொல்வதை ஜோப் நம்பிவிட்டால் அதைவிட மானக்கேடு இல்லை. பெரிய ஹோட்டல் ஒன்றில் காபி பரிமாறும் பிராம் ஞாய், இருபது வருஷமாகச் சுக்கைனாவை இப்படி வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அவளும் சளைத்தவள் இல்லை.

தொண்ணூற்று நான்காம் வருஷம், ஜனவரி மாதத்துத் திங்கட்கிழமை. காலையிலேயே அவன் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்தான்.

“அடியே அடிமை, வீட்ல பூட்டி வெச்சிருக்கியே, அந்தப் பணத்தை இன்னிக்கே பேங்க்ல கட்டி மார்செய்க்கு அனுப்பிடு. மத்தியானத்துக்குள்ள போ.”

“ஏன்டா சோத்துப்பானை, உனக்கு அதுல கமிஷன் ஏதும் உண்டா?”

“நம்ம செஃபா பணத்தோட மதிப்பைப் பாதியாக்கப் போறாங்கடி. இத்தனை நாட்டுத் தலைவருங்களும் அதுக்குத்தான் ஊருக்குள்ள வந்து எறங்கறாங்க. காபி ஊத்தும்போது என் காதால கேட்டேன்.”

“உன் காதுலயா? அதுல நேத்துத் தின்ன மீன்சோறுல்ல அடைச்சிருக்கும்!”

சுற்றியிருந்த கடைக்காரிகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

சுக்கைனா அன்று மத்தியானம் வங்கிக்குப் போவதாகத்தான் இருந்தாள். அவளுடைய மகள் பெந்தாவுக்குப் பதினொரு வயது. இரண்டு கருவிழிகளிலும் வெள்ளை படர்ந்து, எதிரே நிற்பது அம்மாவோ கதவோ, எதுவும் நிழலாகத்தான் தெரியும். பிரான்ஸிலிருக்கும் மார்செய் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருந்தது: ஒரு கண்ணுக்கு அறுவை செய்ய முப்பதாயிரம் பிரெஞ்சு பிராங்க், இரண்டுக்கும் அறுபதாயிரம், மாதக் கடைசிக்குள் முன்பணமாக வந்துவிட வேண்டும். டிக்கெட் செலவையும் தங்க வைப்பதையும் அங்கிருக்கும் தம்பி பார்த்துக்கொள்வான். புருஷன் இறந்த பிறகு நான்கு வருஷம், எல்லை தாண்டி லோமேயில் துணி வாங்கி, டக்காரிலும் பக்கத்து நாட்டுப் பமாகோவிலும் விற்று, அவள் முப்பது லட்சம் செஃபா சேர்த்திருந்தாள்.

ஐம்பது செஃபாவுக்கு ஒரு பிரெஞ்சு பிராங்க். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே, நாற்பத்தாறு வருஷமாக, அதே கணக்கு. டக்காரில் மடித்து இடுப்பில் செருகிய நோட்டை லோமேயில் பிரித்து நீட்டினால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். எத்தனை ஆட்சி கவிழ்ந்தது, எத்தனை எல்லையில் சண்டை வந்தது. இந்த ஐம்பது மட்டும் அசையவில்லை. போன ஆகஸ்ட்டில், செஃபா புழங்கும் நாடுகளுக்கு வெளியே போன நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று மத்திய வங்கி அறிவித்தபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நடக்காது, நடக்கவே நடக்காது என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம்.

போகத்தான் இருந்தாள். ஆனால் ஒரு ஞாய் ‘போ’ என்று சொல்லி, சந்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு ஜோப் எழுந்து போவதா?

“வியாழக்கிழமை போறேன்டா,” என்றாள். “உன் பேச்சைக் கேட்டு இன்னிக்கே போனேன்னா என் அப்பா குழிக்குள்ளேயிருந்து எழுந்து வந்து அடிப்பாரு.”

செவ்வாய்க்கிழமை காலையில் பிராம் மறுபடி வந்தான். அடிமை என்று கூப்பிடவில்லை. கடைக்கு முன்னால் புழுதியில் மண்டியிட்டான்.

“இன்னிக்கு மட்டும் என்னை நம்பு. பெந்தா மேல சத்தியமா சொல்றேன். போயிடும்மா.”

அவன் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வந்தது. சந்தை அல்லோலகல்லோலப்பட்டது. ஒருத்தி தகர டப்பாவை எடுத்துக் கொட்டடித்தாள். ஜோப்பின் காலடியில் ஞாய்! இந்தக் காட்சி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். சுக்கைனாவுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. என்ன நடிப்பு நடிக்கிறான் பார் என்று, ஓர் ஐம்பது செஃபா காசை எடுத்து அவன் மடியில் எறிந்தாள். பிச்சை கேட்கும் ஞாய்க்கு ஜோப் காசு போடுவது முறைதானே. அவன் அந்தக் காசை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வானொலி சொன்னது. ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு இனி நூறு செஃபா.

சுக்கைனாவின் கை சோற்றுத் தாம்பாளத்திலேயே நின்றுவிட்டது. செய்தி வாசிக்கிறவன் ஒரு ஞாயாக இருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தால் எல்லாம் கேலி என்று ஆகிவிடும் அல்லவா? அவன் தன் பெயரைச் சொன்னான். ஞாய் இல்லை. பக்கத்து வீட்டில் ஓர் ஆண் உரக்கக் கத்தினான். பெந்தா மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பணப்பையோடு வங்கிக்கு ஓடினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“முப்பதாயிரம் வரும்மா.”

“முப்பது லட்சம் இருக்குப்பா. நல்லா எண்ணிப் பாரு. ஒரு நோட்டுகூடக் குறையாது.”

“நோட்டு குறையலைம்மா. நேத்து வந்திருந்தீங்கன்னா அறுபதாயிரம்.”

நேற்று. நேற்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவள் காசைத் திருடவில்லை, தொடக்கூட இல்லை. மடியில் அதே நோட்டுகள், அதே கனத்தில் இருந்தன.

சாயங்காலம் பிராம் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான். அவன் ஏதாவது கேலி பேசமாட்டானா என்று அவள் ஏங்கினாள். ஒரு வசவு, ஒரு ‘அடிமை’, போதும்.

“சுக்கைனா,” என்றான். இருபது வருஷத்தில் முதல்முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். “ஏன்டா வீட்டுக்கு வந்து சொல்லலை? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

இல்லை. நம்பியிருக்க மாட்டாள். வீட்டிலும் சிரித்திருப்பாள், இன்னும் சத்தமாக.

பிராம் பையிலிருந்து அந்த ஐம்பது செஃபா காசை எடுத்துக் கதவோரம் போட்டான். அது விழுந்த சத்தம் கேட்டு, சுவரைத் தடவிக்கொண்டு பெந்தா வந்தாள். துணிக்கடைக்காரியின் மகள், கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேற்று ராத்திரி வானொலியைக் கேட்டபோதே போட்டு முடித்திருந்தாள்.

“இடது கண்ணுல கொஞ்சம் வெளிச்சம் தெரியுதும்மா,” என்றாள். “அதை விட்டுட்டு, மத்ததைச் செய்யச் சொல்லலாமா?”

பிராம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சுக்கைனா மகளுடைய முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, முதலில் ஒரு கண்ணையும், பிறகு மற்றதையும் பார்த்தாள்.