நான்கு ஸ்பேஸா, ஒரு டேபா

மூன்று குழுக்கள், மூன்று ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்கள், ஆளுக்கொரு எழுத்து முறை. ஒருவர் எழுதிய புரோகிராம் கோடை இன்னொருவர் திறந்தால் முகம் சுளிப்பார். எல்லாருக்கும் பொதுவான விதிகளை வகுத்து, மீறினால் திருப்பி அனுப்பும் லின்டர் என்ற மென்பொருளைப் பொருத்தும் வேலை அவள் தலையில் விழுந்தது.

மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா, வரி முடிவில் அரைப்புள்ளி வேண்டுமா என்று பேசியே ஒரு வாரம் ஓடியது. ஒருவழியாக எல்லாம் படிந்தது. வரியை உள்ளே தள்ள நான்கு ஸ்பேஸ் என்பதை மட்டும் ஒருவர் ஏற்கவில்லை. முன்பதிவுப் பகுதியை எழுதியவர். அலுவலகம் முழுவதற்கும் 'அண்ணா'. ஸ்பேஸுக்குப் பதில் ஒரு டேப்தான் வேண்டும் என்றார். ஏன் என்றால், பழகிவிட்டது என்பார். ஓட்டெடுப்பில் தோற்றார். பிடிவாதக்காரர் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் எரிச்சல்தான்.

விதி அமலுக்கு வந்த மூன்றாம் நாள், அவருடைய கோடை லின்டர் நான்கு முறை திருப்பி அனுப்பியது. நேரில் பேசிவிடலாம் என்று மதியம் அவர் மேசைக்குப் போனாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் மூக்கு திரையைத் தொடாத குறை. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அகலம். நான்கு நான்கு ஸ்பேஸாகத் தள்ளியதில் வரிகள் வலது ஓரத்தைத் தாண்டி ஓடியிருந்தன. திரையைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் எழுத்தைச் சிறிதாக்கப் போனவர், கையை எடுத்துவிட்டார்.

"ரெண்டு வருஷமா பார்வை நடுவுல மங்கலாத்தான் தெரியுது. டேப்னா என் திரையில மட்டும் அகலத்தைக் குறைச்சுக்குவேன். வீட்டுல என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்மா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொன்னா, அப்புறம் என் கோடை யாரு பாப்பாங்க? கண்ணைத்தான் பாப்பாங்க."

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். பிறகு விதிக் கோப்பில் ஒரு வரியை மாற்றினாள்.

மறுநாள் கூட்டத்தில், ஓட்டெடுத்து முடிவானதைத் தனியாக எப்படி மாற்றலாம் என்று கேட்டார்கள். டேப் என்றால் அவரவர் வசதிக்கு அகலம் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அது உண்மைதான்.

"அண்ணாகிட்ட சரண்டர் ஆயிட்டீங்களா?" என்றாள் ஒருத்தி.

"ஆயிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

மாலையில் அவருடைய கோடு லின்டரைத் தடையில்லாமல் தாண்டிச் சரிபார்க்க அவளிடம் வந்தது. வரி வரியாகப் படித்து, இரண்டு தவறுகளைக் குறித்துத் திருப்பி அனுப்பினாள். ஒன்றை ஒப்புக்கொண்டார். மற்றதற்கு நீளமாகச் சண்டை போட்டார்.