குழாயில் நின்ற தண்ணீர்

திருத்தணியில் நாய்களுக்குத் தண்ணீர் பீய்ச்சிப் பல் சுத்தம் செய்யும் இயந்திரத்தை முதலில் வாங்கி வைத்தவர் கால்நடை மருத்துவர் பிரிஸில்லா. அதற்காகவே அவருடைய சிறிய கிளினிக்குக்கு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அப்படி வந்தவள்தான் பொதட்டூர்பேட்டை யோகலட்சுமி. தறி ஓட்டும் குடும்பம். அவளுடைய நாய் பப்லுவுக்குச் சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கி, மற்றவற்றைச் சுத்தம் செய்து அனுப்பினார் பிரிஸில்லா. அடுத்த வாரமே அவள் திரும்பி வந்தாள். பப்லுவின் கன்னம் வீங்கி, பல் பிடுங்கிய குழியில் சீழ் கட்டியிருந்தது.

"எலும்பு போட்டீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா. நீங்க சொன்ன மாதிரி கஞ்சிதான் ஊத்திகினு இருக்கேன்."

"கஞ்சி குடிச்சா இப்படி ஆவுமா? எவ்ளோ சொன்னாலும் உங்களுக்கெல்லாம் ஏறாது."

காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யோகலட்சுமி மாத்திரையை வாங்கிக்கொண்டு, நாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே பிரிஸில்லாவுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பல் மருத்துவர் ஷோபனாவிடம் போனார். ஷோபனா கருவியை உடனே வாயில் வைக்கவில்லை. தொட்டிக்குள் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சவிட்டுக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு இவ்ளோ நேரம்?"

"ராத்திரி பூரா குழாயில நின்ன தண்ணி. அதையா உங்க வாயில அடிக்கிறது? தண்ணி பாட்டிலையும் தினம் கழுவிக் காயவெச்சிடுவேன். இல்லன்னா உள்ள வழவழன்னு பிடிச்சுக்கும். அதுல பூரா கிருமி."

ஷோபனா சாதாரணமாகத்தான் சொன்னார். நாற்காலியில் சாய்ந்திருந்த பிரிஸில்லாவுக்குக் காது மடல் சுட்டது.

கிளினிக்குக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தின் பாட்டிலைக் கழற்றினார். வாங்கிய நாளிலிருந்து அதில் போர்வெல் தண்ணீர்தான். குறைந்தால் மேலே ஊற்றுவார், ஒருநாளும் கழுவியதில்லை. மெல்லிய குழாயைப் பிளந்தபோது விரல் வழுக்கியது. பழுப்பான படலம் நகத்தோடு வந்தது. மோந்து பார்த்தார், நாறியது. இந்தத் தண்ணீரைத்தான் பப்லுவின் திறந்த புண்ணில் அடித்திருந்தார்.

மறுநாள் மதியம் பொதட்டூர்பேட்டைக்குப் போனார். அவரைப் பார்த்ததும் யோகலட்சுமி தறியை நிறுத்தினாள்.

"தப்பு எங்க மேலதாங்க. இவருதான் எனக்குத் தெரியாம எலும்பு போட்டிருப்பாரு. கேட்டா இல்லவே இல்லைன்றாரு. அன்னையிலேர்ந்து நான் அவருகிட்ட பேசறதில்ல."

அடுத்த தறியில் இருந்த அவள் கணவன் சுதாகர் தலை நிமிரவில்லை.

"அவரு போடலம்மா," என்றார் பிரிஸில்லா. "என் மிஷின் குழாய்லதான் அழுக்கு. அந்தத் தண்ணியாலதான் புண்ணக் கழுவினேன். அதப் பாக்காம உங்களத் திட்டிட்டேன்."

யோகலட்சுமி கணவனைப் பார்த்தாள். பிறகு பிரிஸில்லாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு ஊட்டுக்குள்ள வந்து சொல்றீங்க."

யாரும் பார்க்காத இடமாகத் தேடித்தான் வந்திருக்கிறோம் என்பது பிரிஸில்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிரிஸில்லா வரச் சொன்னபடி மறுநாள் காலை யோகலட்சுமியும் சுதாகரும் பப்லுவோடு வந்தபோது கிளினிக் நிறைந்திருந்தது. பிரிஸில்லா எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். மணவூரிலிருந்து பல் சுத்தம் செய்ய வந்தவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். பிரிஸில்லா தடுக்கவில்லை.

குழியைச் சுத்தமான சலைன் உப்பு நீரால் கழுவித் தைத்தார். பக்கத்துப் பல்லையும் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த சில நாட்களில் வீக்கம் மெல்ல வடிந்து பப்லு பிழைத்துக்கொண்டது.

அன்று கிளம்பும்போது யோகலட்சுமி கேட்டாள்: "மத்த நாய்ங்களுக்கும் இதே தண்ணிதாங்களா?"

"ஆமாம்மா," என்றார் பிரிஸில்லா.

அவர்கள் போன பிறகு போனை எடுத்து, மற்ற நாய்களின் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.