ஒட்டகத்தின் அறுபது

1

அண்ணி வேலை பார்க்கும் ஜிம்மில் மூன்று மணி நேரம் இருபது நிமிடம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். போனது இலக்கியத் தாகத்தால் அல்ல. வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டேன். இன்னொன்று அண்ணியிடம் இருந்தது.

அண்ணி ஒரு பெண்கள் வாலிபால் அணிக்கு உடல்வலுப் பயிற்சியாளர். ஆட்டத்தைக் கற்றுத்தருவது கோச். ஆடும் உடம்பைத் தேற்றுவது அண்ணி. (அண்ணனின் விளக்கம் வேறு: "ஊரான் வீட்டுப் பொண்ணுங்களை இரும்பு தூக்க வைப்பா. நம்ம வீட்டுத் தண்ணி கேனை நான் தூக்கணும்.")

2

"இரும்பின் மணம் கமழும் அந்தக் காலைப் பொழுதில்..."

வேண்டாம். அது சாயங்காலம். மணந்தது சாக்ஸ்.

நாயகி ஒட்டகம். பெயர்க் காரணம் உயரம். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து தேறியவள். முட்டி சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒட்டகம்தான் நம்பவில்லை. தோளில் ஐம்பத்தைந்து கிலோ வைத்து உட்கார்ந்து எழுவாள். அறுபது என்று காதில் விழுந்தால் பாதியிலேயே உறைந்துவிடுவாள்.

கோச் கறார்.

"இன்னைக்கு அறுபது தூக்கினா டீம்ல இருக்கா. இல்லன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்."

3

(பௌதிகம் படித்தவளின் இடைச்செருகல்: ஜிம் கம்பியில் இரண்டு வகை. பெண்களுக்குப் பதினைந்து கிலோ. ஆண்களுக்கு இருபது, சற்றே தடிமன். தள்ளி நின்று பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். எல்லோரும் முனைகளில் மாட்டும் பிளேட்டை எண்ணுவார்கள். கம்பியைக் கணக்கில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள்.)

அண்ணி கம்பியில் பக்கத்துக்கு இருபது கிலோ பிளேட் மாட்டினார்.

"எவ்வளவுக்கா?"

"ஐம்பத்தஞ்சு. உன் பழைய சிநேகிதம்."

ஒட்டகம் மூன்று முறை உட்கார்ந்து எழுந்தாள்.

"என்னக்கா, சிநேகிதம் இன்னைக்குக் கனக்குது?"

"மத்தியானம் எவ்வளவு சாப்பிட்ட?"

"ரெண்டு தட்டு."

"அதையும் சேர்த்துத்தான் தூக்குற."

அண்ணி பக்கத்துக்கு இரண்டரை கிலோ சேர்த்து, "அறுபது" என்றார். ஒட்டகம் பாதியில் நின்றாள். கம்பி தாங்கியில் இடித்து விழுந்தது. கோச் பையைத் தோளில் மாட்டினார்.

கம்பியைத் தூக்கக் குனிந்த அண்ணி, அதைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார்.

பத்து வருடமாகக் கம்பி பிடிக்கும் கை. தடிமன் தெரியாதா?

4

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் அண்ணி வேண்டுமென்றே கம்பியை மாற்றுகிறார். படித்துவிட்டு முறைத்தார்.

"ஏண்டி, எடையில பொய் சொன்னா அப்புறம் எந்தப் பொண்ணு என் பேச்சை நம்பிக் கம்பிக்கு அடியில குனிவா?"

இரண்டாம் வரைவில் தெரியாமல் மாறிவிடுகிறது. அதற்கும் முறைப்பு.

"பத்து வருஷ அனுபவம், கம்பி தெரியாம எடுத்தேனா? மானம் போகுது."

"எதுதான் நிஜம் அண்ணி?"

"எழுத வந்தவ நீ. என்னைக் கேட்டா?"

ஆகவே அதை உங்கள் தலையில் கட்டுகிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கடைசிக் காட்சி ஒன்றே.

5

கோச் கதவருகே. ஒட்டகம் தரையில் உட்கார்ந்து ஷூ கழற்றுகிறாள். யாரையும் பார்க்கவில்லை.

அண்ணி வாயைத் திறந்தால், இதுவரை அவர் சொன்ன எடைகள் எல்லாம் சந்தேகத்துக்கு வரும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. (ஒரே சாட்சி நான். நான் வாய் திறக்க மாட்டேன் என்பது குடும்பமே அறிந்தது.) அப்போது ஒட்டகத்துக்கு ஒரு வருடம் போகும். முட்டியை அவள் நம்பவே போவதில்லை.

அண்ணியின் முகத்தில் ஒரு

(இந்த வாக்கியத்தை ஏழு விதமாக எழுதினேன். முகத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

"சார், ஒரு நிமிஷம்."

"இன்னொரு சான்ஸ் கேக்காதீங்க."

"தேவையில்ல சார். அவ ஏற்கெனவே பண்ணிட்டா."

ஒட்டகம் ஒற்றை ஷூவோடு நிமிர்ந்தாள்.

"கனக்குதுன்னு சொன்னியேடி. நான் உன் சாப்பாட்டு மேல பழியைப் போட்டேன். கம்பி மாறிடுச்சு. இது இருபது கிலோ. நீ மூணு தடவை எழுந்தது அறுபதோட."