டச்சப் அக்கா கொடுத்த சாவி

காருக்குள் கீறல், கிழிசல், சாயம் போனது என்று எது வந்தாலும் சுற்றுவட்டார மெக்கானிக்குகள் அவளிடம்தான் அனுப்புவார்கள். ஒட்டு எது, பழசு எது என்று யாராலும் காட்ட முடியாது. அப்படியொரு கை. டச்சப் அக்கா என்பதே அவள் பெயராகிப் போனது. வீட்டில் வம்பிழுக்கும்போது புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் ஷெட் வாசலில் பெரிய கறுப்புக் கார் ஒன்று வந்தது. லாரி திரும்பக்கூடிய இடத்தில் முன்னும் பின்னுமாக நான்கு தடவை ஒடித்துத்தான் அது உள்ளே நுழைந்தது. இறங்கியவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"தங்கச்சி, நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். முதலாளி நாளைக்குக் காலையில ஊர்லேர்ந்து வந்துடுவார்."

அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். டேஷ்போர்டின் இடது பாதி முழுவதும் வெந்த தோல் மாதிரி பொரிந்து கிடந்தது. மேல்பூச்சு கரைந்து, பிசுபிசுத்து, துணியின் நூல்கள் அதில் ஒட்டிக் காய்ந்திருந்தன.

"எதைப் போட்டுத் துடைச்சீங்கண்ணே?"

"முதலாளி வீட்டுல பெயின்ட் வேலை நடக்குது. தின்னரை ஒரு பழைய பாட்டில்ல ஊத்தி, நான் பாலிஷ் வைக்கிற அலமாரியில வச்சுட்டாங்க. வீடு முழுக்க அதே நாத்தம், எனக்கு வித்தியாசம் தெரியல."

அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அவளுக்கு ஒன்று இடித்தது. தின்னர் பட்ட இடம் உடனே குழையும், துணி கறுக்கும். முதல் இழுப்பிலேயே எவனும் கையை எடுத்துவிடுவான். இவர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் துடைத்திருக்கிறார்.

"பாதியில நிறுத்தலையா?"

"கார் நிக்கற இடத்துல வெளிச்சம் கம்மி" என்றார் அவர்.

அவள் வேலையைத் தொடங்கினாள். நூல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குழைந்த பூச்சைச் சுரண்டி எடுத்து, நனைத்த உப்புத்தாளால் மெல்ல இழைத்தாள். ஏர்பேக் மூடியின் மேல் பட்டி பூசக் கூடாது. ஆபத்து நேரத்தில் அது திறக்காமல் போகும். அந்த இடத்தில் மட்டும் விரல் நுனியால் தடவித் தடவி நேரமெடுத்தாள். பிறகு கண்ணாடிகளுக்கும் சீட்டுக்கும் காகிதம் ஒட்டி, பிரைமர் அடித்துக் காயவிட்டாள்.

டிரைவர் ஒரு ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருஷமாக ஒரே முதலாளி என்றார். முதலாளியின் இரண்டு பெண் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவதும் அவர்தானாம். "சின்னது வாயாடி. வண்டி ஓட்டுறப்போ என்கிட்ட கணக்குக் கேள்வி கேக்கும். தப்பாச் சொன்னா என்னைப் பெஞ்சு மேல ஏறி நிக்கச் சொல்லும்" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தபடி டீ டம்ளரை அவர் தோளருகே நீட்டினாள். அவர் வாங்கவில்லை. முகத்துக்கு நேரே கொண்டுபோன பிறகுதான் திடுக்கிட்டு வாங்கிக்கொண்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

இரண்டு சாம்பிள் அட்டைகளை அவர் முன்னால் பிடித்தாள். ஒன்று கறுப்பு, மற்றது நல்ல கருநீலம். "எது பொருந்தும்ணே?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

அவள் அட்டைகளைக் கீழே வைத்தாள். "அண்ணே, உங்க கண்ணுக்கு என்ன?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போச்சாம். நேர்ல தெரியுது. பக்கத்துல ஒண்ணும் தெரியல, குழாய்க்குள்ளேர்ந்து பாக்கற மாதிரி. வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி எட்டு மாசமாச்சு."

"எட்டு மாசமாவா அந்தப் புள்ளைங்களை ஏத்திட்டுப் போறீங்க?"

"மெதுவாத்தான் போறேன். தெரிஞ்ச ரோடு." டம்ளரைக் கீழே வைத்தார். "ஸ்டியரிங்கை விட்டா எனக்கு வேற என்ன தெரியும், தங்கச்சி? வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தி இருக்கா. அவகிட்ட கூட இன்னும் சொல்லல."

அவளுக்குக் கோபம் வந்த வேகத்தில் இரக்கமும் வந்தது. இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தாள். தோலின் சொரசொரப்பு வரும்படி தூவானமாக அடித்து, நிறம் ஏற்றி, பளபளக்காத மேல்பூச்சைப் பூசினாள். நாலு மணிக்குக் காகிதங்களை உரித்தபோது டேஷ்போர்டு கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணை விட அவருடைய விரல்தான் அதிகம் பார்த்தது.

சாவி அவள் பாக்கெட்டில் இருந்தது.

"நான் இதைத் தர மாட்டேன். முதலாளி நம்பரைச் சொல்லுங்க."

"நானே சொல்லிடறேன். என் தலைமேல சத்தியம். நாளைக்கு அவர் வந்து இறங்கினதும் முதல் பேச்சு அதுதான். இப்ப நீங்க சொன்னா, பத்தொன்பது வருஷமும் திருட்டுத்தனம்னு ஆயிடும். என் வாயால சொல்லிட்டுப் போக விடுங்க. முதலாளி வீடு இங்கேர்ந்து ரெண்டே திருப்பம்தான்."

ஆட்டோ பிடித்துப் போங்கள், வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் கும்பிட்டபடி நின்றார். இரண்டு திருப்பம்தானே என்று நினைத்தாள். சாவியைக் கொடுத்தாள்.

இரண்டாவது திருப்பத்தில், ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண்மணியைக் கார் இடித்தது. டிரைவர் அவளைப் பார்க்கவேயில்லை, ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகுதான் நிறுத்தினார். அந்தப் பெண்மணியின் இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடித்து அனுப்பியதும் அவர்தான். "எனக்குக் கண்ணு தெரியாது" என்று போலீசிடம் தாமாகவே சொன்னதும் அவர்தான்.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை ஒரு போலீஸ்காரரும் முதலாளியும் ஷெட்டுக்கு வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. முதலாளி ஒல்லியான, தாழ்ந்த குரலில் பேசுகிற மனிதர். அவர் முகம் ராத்திரியெல்லாம் விழித்த முகமாக இருந்தது.

"வண்டி இங்க எத்தனை மணிக்குக் கிளம்பிச்சுன்னு மட்டும் சொன்னாப் போதும்மா" என்றார் போலீஸ்காரர். "மத்தபடி அவர் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். கண்ணு விஷயம் தன்னைத் தவிர வேற யாருக்கும் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கார்."

மனுஷன் அவளுக்குத் தெரிந்ததையும் சேர்த்து மறைத்திருக்கிறார். நாலு மணி என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போயிருக்கலாம்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவருக்குக் கண்ணு தெரியலைன்னு. அன்னைக்கு மத்தியானமே தெரியும்."

"தெரிஞ்சுமா சாவியைக் கொடுத்தீங்க?"

"கொடுத்தேன்."

போலீஸ்காரர் பேனாவை மூடப்போனவர் மறுபடி திறந்தார். "யோசிச்சுக்கங்கம்மா. இதை எழுதிட்டா நீங்களும் கோர்ட்டுக்கு வந்து நிக்கணும்."

"எழுதுங்க."

எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். சாயம் படிந்த விரல் காகிதத்தில் கறை வைத்தது. கிளம்பும்போது முதலாளி அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு சாயங்காலம் என் புள்ளைங்களுக்கு டான்ஸ் கிளாஸ் இருந்துச்சு. அவர்தான் கூட்டிட்டுப் போயிருப்பார். ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேம்மா."

அந்தப் பெண்மணி எந்த ஆஸ்பத்திரியில் என்று அவள் போலீஸ்காரரிடம் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஷெட்டைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தப் பெண்மணி மருந்து மயக்கத்தில் கிடந்தாள். பக்கத்தில் இருந்த மகள், வந்தது யாரென்று கேட்டாள். டச்சப் அக்கா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கடைசி வரை கேட்டாள். பிறகு எழுந்து, "வெளியில போங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனாள். மறுநாளும் வந்து, உள்ளே நுழையாமல், நடைபாதை பெஞ்சில் பார்வை நேரம் முடியும் வரை உட்கார்ந்திருந்தாள்.