எழுபது லட்சம் கோடி ஃபெர்மி

மூக்கு நுனிக்கு மேலே நாலு விரல் தூரத்தில் கூரை, வெள்ளையாக, வழவழவென்று, சோப்பு டப்பாவை உள்ளேயிருந்து பார்க்கிற மாதிரி, பார்க்கிற மாதிரி என்கிறேனே தவிர நான் எங்கே பார்க்கிறேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கிறேன், முதல் தடவை வந்தபோது ஒரே ஒரு முறை திறந்து பார்த்தேன், போதும் அது இந்த ஜென்மத்துக்கு, இப்போது மூடிய இமைக்கு உள்பக்கமும் அதே கூரைதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாலு விரல், நாலு விரல் என்றால் ஏழு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள், எழுபது மில்லிமீட்டர், எழுபதாயிரம் மைக்ரான், பார், மைக்ரானுக்கு வந்ததுமே கொஞ்சம் காற்று வருகிறது, ஏழு கோடி நானோமீட்டர், எழுபது கோடி ஆங்ஸ்ட்ராம், இன்னும் இறங்கு, அணுவுக்குள் புகுந்து அதன் நடுவில் இருக்கிற கருவை அளக்கும் ஃபெர்மி வரைக்கும் இறங்கு, எழுபது லட்சம் கோடி ஃபெர்மி, அம்மாடி, என் மூக்குக்கும் அந்தக் கூரைக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறது, ஒரு ஊரையே கொண்டுவந்து குடிவைக்கலாம், எதற்கடி பயப்படுகிறாய், அசையாதீங்க மேடம் என்கிறது ஹெட்போனுக்குள் ஒரு குரல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஸ்கேன் எடுக்கும் ரெஜினா, ஒரு மில்லிமீட்டர் அசைஞ்சாலும் படம் கலங்கிரும், திரும்ப முதல்லருந்து எடுக்கணும், ஒரு மில்லிமீட்டரா, தாயே, அது ஒரு லட்சம் கோடி ஃபெர்மி, அவ்வளவு தூரம் நான் எங்கே போகப்போகிறேன் இந்தக் குழாய்க்குள், மூச்சை இழுங்க என்கிறாள், பிடிங்க, தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி மெஷின் அடிக்கத் தொடங்குகிறது, பிடித்துக்கொண்டிருக்கிறேன், வலது கையில் ஒரு ரப்பர் பந்து, முடியாவிட்டால் அமுக்குங்கள் என்று கொடுத்தது, இதற்கு முன்னால் இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் அமுக்கிவிட்டேன், இன்றைக்கும் அமுக்கினால் அவ்வளவுதான், என் அக்காவுக்குக் கல்லீரல் கிடையாது.

விடுங்க என்றதும் விடுகிறேன், விட்ட மூச்சோடு அக்கா வருகிறாள், மூன்று மாடிக்கு மேலே வார்டில் படுத்திருக்கிற அக்கா இல்லை, அதற்கு முந்தைய தமயந்தி அக்கா, சிம்மக்கல் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே என் லேப்டாப்பை எட்டிப் பார்க்கிறாள், என்னடி இது, பர்லாங்கிலிருந்து ஃபெர்மிக்கு மாற்றுவது எப்படின்னு போட்டுருக்க, வேலதான்க்கா என்கிறேன், பெங்களூர்ல ஒருத்தர் சைட் நடத்துறார், எந்த அளவக் குடுத்தாலும் எந்த அளவாவும் மாத்திக் காட்டும், தமிழ்ப் பக்கமெல்லாம் நான்தான் எழுதுறேன், அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள், எவன்டி கேட்டான் இத, நம்ம வீட்லருந்து பஸ் ஸ்டாப்பு ஒரு பர்லாங்கு, அது எத்தன ஃபெர்மின்னு தெரிஞ்சாத்தான் பஸ் வருமா, இரண்டுக்குப் பின்னால் பதினேழு இலக்கம் வரும்க்கா என்கிறேன், ஆத்தாடி, ஆட்டோக்காரன் காதுல போட்டுறாதடி, ஃபெர்மிக்கு இவ்வளவுன்னு கேட்டுருவான், அவளோடு சேர்ந்து நானும் சிரிக்கிறேன், மைலிலிருந்து ஆங்ஸ்ட்ராமுக்கு, முழத்திலிருந்து அட்டோமீட்டருக்கு, எந்தப் பைத்தியத்துக்கு இதெல்லாம் வேண்டும் என்று திட்டிக்கொண்டே எத்தனையோ பக்கம் எழுதித் தள்ளியிருக்கிறேன், அந்தப் பைத்தியம் நான்தான் என்று அப்போது தெரியாது, சிரிக்கிற அக்காவின் கண் வெள்ளையில் லேசாக மஞ்சள், ஜன்னல் வெயில் என்று நினைத்தேனோ, இல்லை இப்போது நினைவில் நானே எடுத்துப் பூசுகிறேனோ, கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா, மாற்றுவதுதான் வழி, அத்தானின் ரத்தம் சேரவில்லை, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயசு, எனக்குச் சேர்ந்தது, என்னுடையதில் ஒரு பெரிய துண்டை வெட்டி அவளுக்கு வைத்தால் இரண்டு பேருக்கும் வளர்ந்துவிடுமாம், வெட்டிக்கோங்க என்று கேட்ட வாய் மூடுவதற்குள் சொன்னேன், சத்தியமாகக் கத்திக்கு எனக்குப் பயமே இல்லை, ஆனால் வெட்டுவதற்கு முன்னால் பித்தக்குழாய் எப்படிக் கிளை பிரிகிறது என்று பார்த்தாக வேண்டும், ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தக் குழாயைப் பார்க்கத்தான் ஆளையே விழுங்குகிற இந்தக் குழாய், மயக்கம் குடுத்து எடுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன், மயங்கிக் கிடக்கிறவள் சொன்ன நேரத்துக்கு மூச்சைப் பிடிக்க மாட்டாளாம், முழித்துக்கொண்டுதான் கிடக்க வேண்டும்.

இழுங்க, பிடிங்க, இந்தத் தடவை சத்தம் வேறு, இரும்பில் அடிக்கிற சத்தம், டம் டம் டம், தெரியும் எனக்கு இந்தச் சத்தம், பீரோக் கதவைக் கையால் அடிக்கிறது, நான்தான் அடிக்கிறேன், உள்ளேயிருந்து, ரயில்வே காலனி குவார்ட்டர்ஸில் அந்தப் பச்சைப் பீரோ, எனக்கு ஆறு வயசு, அக்காவுக்குப் பத்து, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கண்ணாமூச்சி, இதுக்குள்ள ஒளிஞ்சுக்கடி, எவளும் கண்டுபிடிக்க மாட்டாளுக என்று அக்காதான் என்னைத் தூக்கி உள்ளே வைத்தாள், கதவைச் சாத்தினாள், சாவியைத் திருப்பினாள், திருப்பின சாவி பூட்டுக்குள்ளேயே ஒடிந்துபோயிற்று, நடந்தது அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லாம் இருட்டு, பாச்சா உருண்டை நாற்றம், முகத்தில் அப்பாவின் காக்கிக் கோட்டு, கன்னத்தை அறுக்கிற ஜரிகை, மூக்கு கதவில் இடிக்கிறது, அங்கே நாலு விரல்கூட இல்லை, அக்கா, அக்கா என்று கத்துகிறேன், கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிறாள், விட்டு விட்டுக் கேட்கிறது, ஹி, ஹி, ஹி என்று, பூட்டினதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், அந்தச் சிரிப்பைத்தான் முடியவில்லை, அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் கூட்டிவந்து கதவை நெம்பித் திறந்தபோது நான் ஒன்றுக்குப் போய் நனைந்து கிடந்தேன், அன்றோடு சரி, லிப்டில் ஏற மாட்டேன், பாத்ரூமில் தாழ்ப்பாள் போட மாட்டேன், தியேட்டரில் வாசலை ஒட்டின சீட்தான், பிள்ளை பெற்றவளாடி நீ என்று என் வீட்டுக்காரர்கூடக் கேலி பண்ணுவார், அக்கா மட்டும் ஒரு நாளும் கேலி பண்ணினதில்லை, பீரோப் பேச்சை இரண்டு பேருமே எடுத்ததில்லை, அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன், அவள் பூட்டின பூட்டு இப்போது அவள் உயிருக்கே குறுக்கே நிற்கிறது, இதை யாரிடம் போய்ச் சொல்ல, உன்னால்தான் என்று அவளிடமா, அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்துக்கொண்டா, மெஷின் ரிப்பேர்க்கா என்றேன் முதல் தடவை, இரண்டாம் தடவையும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

விடுங்க, விட்டேன், விட்டது போதவில்லை, டாக்டரம்மாவின் அறை, இரண்டாவது தடவை பந்தை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், கதவைச் சாத்த எழுந்தவரிடம் சாத்தாதீங்க டாக்டர் என்கிறேன், ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார், பாருங்கம்மா, குடுத்தே ஆகணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல, மனசு ஒப்பலன்னா எங்கிட்ட மட்டும் சொல்லிருங்க, உடம்பு பொருந்தலன்னு அவங்ககிட்ட நாங்க சொல்லிக்கிறோம், உங்கமேல ஒரு சொல் வராது, எவ்வளவு நல்ல மனுஷி, அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது, ஐயோ, இருந்ததே, ஒரு நொடி இருந்ததே, இல்ல டாக்டர், எனக்கு மனசு இருக்கு, மூடின இடந்தான் ஆகாது என்றேன், தலையாட்டினார், நம்பின மாதிரி தெரியவில்லை, சரி, இன்னும் ஒரே ஒரு தடவ பாப்போம், இல்லன்னா பேர் பதிஞ்சு வச்சுட்டுக் காத்திருக்கணும், அவங்களுக்கு அவ்வளவு காலம், என்று நிறுத்திக்கொண்டார், வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன், பயப்படுகிறேனா, மனசில்லாமல் பயத்தைச் சாக்காக வைத்துக்கொள்கிறேனா, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இருக்கும், ஒரு மயிரிழை, மயிரிழை என்றால் எண்பது மைக்ரான், எட்டு லட்சம் ஆங்ஸ்ட்ராம், எட்டாயிரம் கோடி ஃபெர்மி, அங்கேதான், அந்தப் படிக்கட்டில்தான் இந்தப் பித்து பிடித்தது, அளவு சின்னதாகச் சின்னதாக இடம் பெருகுகிறதே, அப்படியானால் இந்தக் குழாயையும் இப்படியே பெருக்கிக்கொள்ளலாமே என்று, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை, எட்டாயிரம் கோடி ஃபெர்மியில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன்.

இழுங்க, இழுக்க வரவில்லை, மேடம், இழுங்க, பிடிங்க, பாதி மூச்சில் பிடித்துவிட்டேன், கணக்கு என்னைக் கைவிடுகிறது, எழுபது லட்சம் கோடி என்றால் பெரிசு என்று யார் சொன்னது, மூன்று மாடிக்கு மேலே அக்கா படுத்திருக்கிற கட்டில் பத்தாயிரம் லட்சம் கோடி ஃபெர்மி, அவ்வளவையும் கடந்து யார் யாரிடம் போய்ச் சேர முடியும், ஒவ்வொரு ஃபெர்மியாகக் கூரை இறங்குகிறது, பாச்சா உருண்டை நாற்றம் வருகிறது, இந்த ஏசி அறையில் எப்படி வரும், வருகிறதே, காக்கிக் கோட்டு வாயில் அடைக்கிறது, பெருவிரல் பந்தின் மேல் ஏறிவிட்டது, அமுக்கப்போகிறேன், மன்னிச்சுக்கக்கா, அமுக்கப்போகிறேன், சட்டென்று சத்தம் நிற்கிறது, மூச்சு விடுங்க மேடம், படம் கொஞ்சம் கலங்கிருச்சு, இது ஒண்ணு மட்டும் திரும்ப எடுக்கணும், அப்புறம் உங்க அக்கா வந்துருக்காங்க, வாசல்ல நின்னுக்கிட்டுப் போக மாட்டேங்கிறாங்க, கால்மாட்டுல நிக்கட்டுமா, நீங்க மட்டும் அசையக் கூடாது, ஐயோ, அக்காவா, எழுந்து நடக்கவே மூச்சு வாங்குமே அவளுக்கு, கதவு திறக்கிறது, காந்த மெஷின், தோடு, வளையல், ஹேர்பின் எல்லாம் கழற்றி வாங்கியிருப்பார்கள், சக்கர நாற்காலியை வெளியிலேயே நிறுத்தியிருப்பார்கள், செருப்பில்லாத கால் தரையில் இழுத்து இழுத்து வருகிறது, என் கால் கட்டைவிரலை ஒரு கை பிடிக்கிறது, சில்லென்று.

கழுத, மெஷின் ரிப்பேர்னா சொன்ன, அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன், கெடவே இல்லையாம்ல, ஹெட்போனையும் தாண்டி, எங்கோ கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி அவள் குரல், அந்தப் பீரோதானடி, என்கிறாள், நான் அசையக் கூடாது, அழக்கூடக் கூடாது, அழுதால் வயிறு குலுங்கும், நீ சிரிச்சியேக்கா என்கிறேன், இத்தனை வருஷம் தொண்டையிலேயே கிடந்தது, தானாக வந்துவிட்டது, என்னது என்கிறாள், நீ வெளிய நின்னு சிரிச்சியே, சிரிச்சேனா, அடிப்பாவி, அழுதேன்டி நான், ஏங்கி ஏங்கி அழுதேன், ஒடிஞ்ச சாவிய நகத்தால நோண்டி நோண்டி ரத்தம் வந்துருச்சு, நீ செத்துப்போயிட்டன்னே நெனச்சேன், அழுதது உனக்குச் சிரிச்ச மாதிரியா கேட்டுச்சு, இத்தன வருஷமா அப்படியாடி நெனச்சுக்கிட்டிருந்த, அவளுக்கு நிற்க முடியவில்லை என்பது கட்டைவிரலைப் பிடித்த பிடியிலேயே தெரிகிறது, போதும்டி, வெளிய வந்துரு, உன்னப் பூட்டி வச்சு எனக்கு ஒரு உசுரு வேணாம், அன்னைக்குத்தான் என்னால திறக்க முடியல, இன்னைக்குத் திறந்துதான கெடக்கு, அந்தப் பந்த அமுக்கிட்டு எந்திரிச்சு வா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன், உம் பிள்ளைகமேல சத்தியமா.

பெருவிரல் இன்னும் பந்தின் மேல்தான் இருக்கிறது, அமுக்கினால் போதும், ரெஜினா ஓடி வருவாள், டாக்டரம்மா பொருந்தவில்லை என்று சொல்லிவிடுவார், அக்காவே சொல்லிவிட்டாள், இனி ஒருவர்கூட என்னைக் கேட்கப் போவதில்லை, எல்லாக் கதவும் திறந்துவிட்டது, அந்தக் கைக்கும் என் கால் விரலுக்கும் நடுவே எவ்வளவு என்று பழக்கதோஷத்தில் கேட்டுப் பார்க்கிறேன், பூஜ்யம், மைக்ரானில் பூஜ்யம், ஆங்ஸ்ட்ராமில் பூஜ்யம், ஃபெர்மியில் பூஜ்யம், எத்தனையோ பக்கம் எழுதினேன், இதை மட்டும் ஒரு பக்கத்திலும் எழுதவில்லை, அக்கா, உளறாம கால கெட்டியாப் பிடிச்சுக்க, விட்டுறாத, என்கிறேன், ரெஜினா, ஆரம்பிங்கம்மா, பந்தைக் கையிலிருந்து நழுவ விடுகிறேன், அது இடுப்போரமாக உருண்டு எங்கோ போகிறது, இழுங்க என்கிறாள், இழுக்கிறேன், முழுசாக, அடிவயிறு வரைக்கும், பிடிங்க, இரும்பை யாரோ வெளியேயிருந்து அடிக்கிறார்கள், டம் டம் டம், நெம்பித் திறக்கிறவர்கள் அப்படித்தான் அடிப்பார்கள், கண்ணைத் திறக்கிறேன், நாலு விரல் தூரத்தில் கூரை இருக்கிறது, வெள்ளையாக, ஓரத்தில் யாரோ துடைக்காமல் விட்ட ஒரு விரல் ரேகையோடு, இருந்துவிட்டுப் போகட்டும்.